கொண்டைக்கிளியும் மழவராயரின் நாக்கும்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் நமக்கு எதற்கு? அரசருக்கு நினைத்த நேரத்தில் நினைத்த ஆசை வரும் நாடு என்று தெரிந்தால் போதும். கீழ்த்திசைத் தீவு வணிகர்கள் அவருக்கு ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளியைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். புறாவைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆனால் விடிந்ததும் அது போட்ட கூச்சலில் யானைகள்கூட விழித்துக்கொண்டன. அடுத்த நாளே அரசரின் மெத்தையைப் பிய்த்துப் பஞ்சைப் பறக்கவிட்டது.

அரசர் விகடகவி நல்லாண்டானை வரவழைத்தார்.

"நல்லாண்டான்! எங்களையெல்லாம் ஆட்டிவைக்கிறாயே, இந்தப் பறவையை ஆட்டிவை பார்ப்போம். கூண்டில் அடைக்கக் கூடாது. வசந்த விழாவன்று சபைக்குக் கொண்டு வா. அங்கே யாரும் சொல்லாமல் அது ஒரு காரியமும் செய்யக் கூடாது. செய்தால் அதற்கு இரும்புக் கூண்டு. நீ நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

"உத்தரவு அரசே. யாரும் சொல்லாமல் செய்யாது" என்றான் நல்லாண்டான்.

அருகில் நின்ற மழவராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் அரண்மனை ஆடையறை அதிகாரி. நல்லாண்டானைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். காரணம் இல்லாமல் இல்லை. அவருக்குச் சிறு வயதிலிருந்தே ழகரம் வராது. ஒருநாள் சபையில், "அடியேன் மளவராயன்" என்று சொல்லப்போக, நல்லாண்டான் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டான். மனிதர் வீட்டுக்குப் போய் நாக்கை மடித்து மடித்துப் பழகினார். ழகரம் வந்தது. வந்தது போகத்தான் மாட்டேன் என்றது. வெள்ளியை 'வெழ்ழி' என்றார், பள்ளத்தைப் 'பழ்ழம்' என்றார். தாம் சுத்தமாகப் பேசுவதாக அவருக்கு ஒரே பெருமை.

கொண்டைக்கிளி நல்லாண்டான் வீட்டுக்கு வந்தது. அன்றோடு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. கதவைக் கொறித்தது, முறத்தைப் பிரித்தது, அவன் மனைவி செங்கமலத்தின் முந்தானையைத் தோரணமாக்கியது. கொஞ்ச நேரம் யாரும் கவனிக்காவிட்டால் தரையில் மல்லாந்து படுத்து, காலை உதைத்துக் கத்தியது. கொட்டுச் சத்தம் கேட்டால் கொண்டையை விரித்துக்கொண்டு ஆடியது. ஆனால் சாயங்காலமானால் செங்கமலத்தின் கழுத்தோரம் தலையை நுழைத்து, சொறிந்துவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும். அப்போது அதன் மேல் யாருக்குத்தான் கோபம் வரும்?

"இதை இரும்புக் கூண்டுல போட்டா ஏங்கியே செத்துப்போயிடுங்க" என்று செங்கமலம் கண் கலங்கினாள். "கிழிக்காதே, கிழிக்காதேன்னு சொல்லி என் தொண்டையே போச்சு."

"கிழிக்காம அதால இருக்க முடியாது, செங்கமலம். சொன்னா மட்டும் கிழிக்கட்டும்."

அதுமுதல் ஓலையோ கந்தலோ எதை நீட்டினாலும், "கிழி" என்று சொன்ன பிறகு கிழித்தால் பொட்டுக்கடலை கிடைத்தது. முந்திக்கொண்டால் ஒன்றும் கிடையாது. பறவை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கும் கூச்சலுக்கும் அதே பாடம்தான்.

"ஏங்க, சபையில எல்லாரும் கிளி கிளின்னு கூப்பிடுவாங்களே, குழம்பிடாதா?"

"கிளின்னா தலையைத் திருப்பும். கிழின்னாதான் அலகைத் திறக்கும். அதுக்கு வித்தியாசம் தெரியும். கூப்பிடறவங்களுக்குத் தெரியணுமே!" என்று சிரித்தான் நல்லாண்டான்.

வசந்த விழா வந்தது. நல்லாண்டானின் தோளில் பறவை பொம்மைபோல உட்கார்ந்திருந்தது. மேளம் முழங்கியபோதுகூடக் கொண்டையை மட்டும் ஒருமுறை தூக்கி இறக்கியது. அரசர் மூக்கில் விரல் வைத்தார். மழவராயருக்குப் பொறுக்கவில்லை. அரசருக்கென்று நெய்த சரிகைப் பட்டைத் தட்டில் ஏந்தி வந்தவர், வழியில் வேண்டுமென்றே நின்று, தட்டைப் பறவையின் அலகுக்கு நேராக நீட்டினார்.

"கிழி! கிழி! வா, கிழி!"

பறவை தன் காதையே நம்பாததுபோல நல்லாண்டானை ஒருமுறை பார்த்தது. அடுத்த கணம் பட்டின் மேல் பாய்ந்தது. சரிகை நார் நாராகத் தொங்கியது.

"கொண்டு வாருங்கள் இரும்புக் கூண்டை!" என்று அரசர் எழுந்துவிட்டார்.

நல்லாண்டான் பறவையை மார்போடு அணைத்துக்கொண்டான். "அரசே, யாரும் சொல்லாமல் செய்யக் கூடாது என்பதுதானே ஆணை? மழவராயர் சொன்னார். ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னார்."

"பொய்!" என்று கத்தினார் மழவராயர். "உழ்ழதைச் சொல்கிறேன், அரசே! நான் பறவையைத்தான் கூப்பிட்டேன். தெழ்ழத் தெழிவாகச் சொல்லித்தான் கூப்பிட்டேன்!"

"என்ன சொல்லிக் கூப்பிட்டீர்?"

"கிழி என்று, அரசே!"

நல்லாண்டானின் கைக்குள்ளிருந்தே பறவை கழுத்தை நீட்டி, மிச்சப் பட்டையும் கிழித்தது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சபையே சிரித்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் சரிந்தார்.

"நல்லாண்டான், பறவை ஆணையை மீறவில்லை. இனி அது உன்னுடையது. உனக்கு இந்தப் பொற்கடகம். அரண்மனைப் பழந்துணி முழுவதும் அதற்கு!"

நல்லாண்டானுக்குக் கடகம் கண்ணில் படவே இல்லை. பறவையின் தலையில் முகம் புதைத்து அழுதுவிட்டான்.

மழவராயரால் தாங்க முடியவில்லை. "இவ்வழவு பரிசா? அப்படி என்னத்தைக் கிழிச்சுட்டான் இவன்?" என்று முணுமுணுத்தார்.

அவர் தலைப்பாகை நூல் நூலாகப் பறந்தது. அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். பாவம் மழவராயர், அன்று சபையில் அவர் தப்பில்லாமல் சொன்ன ழகரம் அது ஒன்றுதான்.