பிடியை விடாத கொண்டையன்

பனிமலைக் காட்டில் கொண்டையன் என்ற குரங்கும் பொம்மி என்ற கரடியும் இணைபிரியாத நண்பர்கள். காலில் மரப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு, கையில் ஆளுக்கு இரண்டு கம்புகளோடு பனிச்சரிவில் சறுக்குவதுதான் இருவருக்கும் வேலை. வேறு உருப்படியான வேலை எதுவும் கிடையாது.

கொண்டையன் ஒருநாளும் விழுந்ததில்லை. பொம்மியோ பத்தடிக்கு ஒருமுறை விழுவாள். ஆனால் அழகாக விழுவாள். தடுமாறியதும் கம்புகளை வீசி எறிவாள். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் தொப்பென்று சாய்வாள். கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தானாக நிற்கும்வரை உருண்டுவிட்டு, பனியைத் தட்டிக்கொண்டு எழுவாள்.

“மறுபடியும் விழுந்துட்டியா!” என்று கொண்டையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

“சிரிடா, சிரி! ஒருநாள் நீயும் விழுவே. அப்போ கம்பை விட்டுடு. கையை மட்டும் ஊன்றிடாதே!”

“விடுறதா? நல்ல கதை! பிறந்த அன்னைக்கே அம்மா வயித்தைப் பிடிச்சவங்க நாங்க. என்ன ஆனாலும் பிடியை விடாதேன்னுதான் எங்க கூட்டத்துல முதல் பாடம்!”

குளிர் முற்றியது. மறுநாள் காலை குரங்குக் கூட்டம் மரத்துக்கு மரம் தாவி, பள்ளத்தாக்கைத் தாண்டி வெயில் காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பின்தங்கும் குரங்கு குளிரில் விறைத்துச் செத்துப்போகும்.

“போறதுக்கு முன்னால கடைசியா ஒரு சறுக்கு!” என்றான் கொண்டையன்.

பாதிச் சரிவில் பனிக்குள் மறைந்திருந்த வேர் ஒன்று அவன் காலைத் தட்டியது.

“கம்பை விடுடா!” என்று கத்தினாள் பொம்மி.

அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிடித்த கையையே தரையில் ஊன்றினான். மளுக்! மணிக்கட்டு பிசகி, கை கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது.

விடிந்தது. அந்தக் கையோடு கொண்டையனால் மரம் தாவ முடியவில்லை. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு கூட்டத்தால் காத்திருக்கவும் முடியவில்லை. அம்மாக் குரங்கு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. கொண்டையன் தேம்பித் தேம்பி அழுதான்.

“அழாதேடா! சரிவு வழியா சுத்திப் போனாலும் அந்தக் காடுதான். என் முதுகுல ஏறு. ஆனா நான் ‘விடு’ன்னா விட்டுடணும். விழுறதுல உன்னைவிட எனக்கு அனுபவம் ஜாஸ்தி!” என்றாள் பொம்மி.

இருவரும் சறுக்கினார்கள். சரிவு செங்குத்தானது. வேகம் கூடிக்கொண்டே போனது. பொம்மியின் கால் பின்னியது.

“விடு!”

தலைக்கு நேரே ஒரு மரக்கிளை! கொண்டையனின் நல்ல கை தானாக அதை நோக்கி நீண்டது. அந்த வேகத்தில் அதைப் பிடித்திருந்தால் தோளும் கழன்றிருக்கும். அவன் பொம்மியை நம்பினான். நீட்டிய கையை மடக்கினான். பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தான். பிடியை விட்டுவிட்டுச் சுருண்டு விழுந்தான்.

உருண்டான், உருண்டான், பனி தீர்ந்து புல் வரும்வரை உருண்டான். பக்கத்திலேயே பொம்மியும் வந்து தொப்பென்று நின்றாள்.

வெயில் காட்டு மரத்திலிருந்து அம்மாக் குரங்கு ஓடி வந்து அவனை அணைத்துக்கொண்டது. “ஐயோ, எங்கேடா அடிபட்டுச்சு?”

“புதுசா ஒண்ணும் இல்லேம்மா!” என்றான் கொண்டையன். பிறகு பொம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்தப் பிடியை மட்டும் வெகுநேரம் விடவே இல்லை.

விழாமல் இருக்கக் கற்றவன் கெட்டிக்காரன்தான். ஆனால் விழும்போது வீம்பை விட்டு விழக் கற்றவனே முழுசாக வீடு போய்ச் சேருவான்.