அமுதராஜன் பார்த்த பார்வை

நடிகர் அமுதராஜனின் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளே கிடையாது. சலூனில் தொங்கியது, ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருந்தது, கடைசியில் அஞ்சலி போஸ்டரிலும் அதுதான். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. ஆனால் மனுஷன் நம்மிடம் ஏதோ சொல்ல வருகிற மாதிரியே இருக்கும். சினிமாவில் அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அதை எடுத்தவர் ரெஜினா. வடபழனியில் ஒரு மாடியில் அவருடைய ஸ்டுடியோ. அவரிடம் தொழில் கற்ற குலசேகரன் இப்போது ஒரு வாரப் பத்திரிகையில் புகைப்படக்காரன். ஐம்பதைத் தொட்டவன். ஒரு மத்தியானம் மூச்சிரைக்கப் படியேறி வந்து கேமராவை நீட்டினான்.

"அக்கா, இதைப் பாருங்க."

பாடகி மனோரஞ்சிதம். முழங்கால் வரை தொங்கிய பின்னலுக்கே பேர் போனவர். படத்தில் கண்ணாடி முன்னால் நிற்கிறார். புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன தலை. கையில் டோப்பா.

ரெஜினா வெகுநேரம் பார்த்தார்.

"எப்படி இருக்குக்கா?"

"பிரமாதம். பாவி, உன் ஆயுசுல இப்படி ஒண்ணு நீ எடுத்ததில்ல."

"பேட்டிக்குப் போன இடத்துல கதவு இடுக்குல எடுத்தேன். எடிட்டர்கிட்ட இன்னும் காட்டல. சாயங்காலம் அட்டை அச்சுக்குப் போகுது. இதைக் கொடுத்தா என் பேரு நின்னுடும்க்கா. ஆனா கை வரமாட்டேங்குது. கொடுக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

ரெஜினா கேமராவை மடியில் வைத்துக்கொண்டார்.

"அமுதராஜன் படத்தை எப்படி எடுத்தேன்னு ஊரே கேட்டிருக்கு. நீ மட்டும் கேட்டதேயில்ல."

"வெளிச்சம் சரியா விழுந்திருக்கும்னு நினைச்சேன்."

"வெளிச்சமாம், மண்ணாங்கட்டி! அன்னிக்குக் காலையிலேர்ந்து போஸா கொடுத்துத் தள்ளினார். எல்லாம் நடிப்பு. திடீர்னு கரண்ட் போச்சு. மே மாசம். புழுக்கம் தாங்காம டோப்பாவைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, துண்டால தலையைத் துடைச்சார். ஜன்னல் வெளிச்சத்துல யாரோ வீட்டு அப்பா மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்பல்லாம் அவருக்கு வழுக்கைன்னு ஒரு ரசிகனுக்கும் தெரியாது. கேமரா என் கையில."

"எடுத்தீங்களா?"

"கீழே வச்சுட்டேன்."

"ஐயோ அக்கா! வருத்தமா இல்லையா?"

"ஏன் இல்லாம? இன்னிக்கும் இருக்கு. உன் படத்தைப் பார்த்ததும் வயித்தெரிச்சலா வருது, போ."

குலசேகரன் சிரிக்கவில்லை.

"கரண்ட் வந்துச்சு. அவசர அவசரமா டோப்பாவை மாட்டிக்கிட்டார். 'எடுத்துட்டியாம்மா?'ன்னு கேட்டார். அவ்வளவு பெரிய நடிகர், குரல் நடுங்குச்சு. 'இல்லீங்கய்யா'ன்னேன். நம்பாம, மேசையில கிடந்த கேமராவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார் பாரு, ஒரு பார்வை. அதைத்தான் எடுத்தேன்."

குலசேகரனின் முகம் கறுத்துப்போயிற்று.

"மனோரஞ்சிதம் அம்மா என்னைக் கதவோரத்துல பார்த்துட்டாங்கக்கா. கிளம்பும்போது கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க, எடுத்தீங்களான்னு. எடுக்கலைன்னு சொல்லிட்டேன்."

ரெஜினா கேமராவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நீ அவங்ககிட்ட சொன்னதை நிஜமாக்க சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே."