தண்ணீரில் இறங்காத நீர்நாய்

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் மடுவன் என்ற நீர்நாயும் அதன் மனைவி சுழலியும் இரண்டு குட்டிகளோடு வசித்தன. மடுவன் ஒரு காலத்தில் அந்த ஆற்றிலேயே பெரிய நீச்சல்காரன். இப்போது அது தண்ணீரில் கால் வைத்து மூன்று மாதம் ஆகிறது.

நீர்நாய் தண்ணீரில் இறங்காது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சுழலிக்கே நம்ப முடியவில்லை. தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததால் நம்பித் தொலைக்க வேண்டியிருந்தது.

மாசி மாதத்தில் நடந்தது அது. யாரோ அறுத்துப் போட்ட மீன்வலை ஒன்று ஆற்றின் அடியில் கிடந்தது. மீனைத் துரத்திக்கொண்டு போன மடுவன் அதில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வலை கழுத்தை இறுக்கியது. சுழலி பாய்ந்து போய், வலையைப் பல்லால் கடித்துக் கடித்து அறுத்து, பாதி உயிராகக் கிடந்த கணவனைத் திட்டுக்கு இழுத்து வந்தது. கழுத்துக் காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் மடுவன் ஆற்றில் இறங்கவில்லை.

"தண்ணி ஜில்லுனு இருக்கு, நாளைக்குப் பார்க்கலாம்!" என்றது ஒரு நாள்.

"இடுப்புல பிடிச்சுக்கிட்டிருக்கு!" என்றது மறுநாள்.

பிறகு வயிறு சரியில்லை, கண் எரிகிறது, இன்றைக்கு நாள் நன்றாக இல்லை. ஒரு நாள் "மீன் உடம்புக்குச் சூடு" என்று சொல்லிவிட்டுக் கோரைக்கிழங்கைத் தோண்டி மென்றது. சுழலி தலையில் அடித்துக்கொண்டது. நான்கு வயிற்றுக்கும் மீன் பிடித்து, குட்டிகளையும் பார்த்துக்கொண்டு, இந்தச் சாக்குகளையும் கேட்டுக்கொண்டு எத்தனை நாள்தான் ஓட்டுவது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஆடி மாதம் வரப்போகிறது. மேற்கு மலையில் மழை பிடித்தால் ஆற்றில் புதுவெள்ளம் வரும். திட்டு முழுவதும் மூழ்கிவிடும். கரைக்கு நீந்தித்தான் போக வேண்டும். குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு போகலாம். இத்தனை பெரிய புருஷனை எந்த வாயில் கவ்வுவது?

யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் கொக்கு வந்தது.

"மனசுல தைரியம் வேணும், அவ்வளவுதான்! என்னைப் பாருங்க, ஒத்தைக் கால்ல நிக்கிறேன்!"

"அடடா, இது தெரியாம மூணு மாசம் வீணாப் போச்சே!" என்று சுழலி பல்லைக் கடித்தது.

கரையிலிருந்த குரங்கு கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கத்தியது. "எதுக்கு இத்தனை பேச்சு? பிடிச்சு ஒரே தள்ளு தள்ளிவிடு! பயம் அன்னிக்கே பறந்துடும்!"

மற்ற நாளாக இருந்தால் சுழலி குரங்கின் பேச்சைக் கேட்டிருக்காது. அன்றைக்குக் காலையில்தான் மடுவன் "மூக்கடைப்பு" என்று புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தது. அந்தக் கடுப்பில், திட்டின் ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கணவனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது.

மடுவன் போட்ட அலறலில் ஆற்றங்கரைப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. கையும் காலும் அடித்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, எப்படியோ திட்டில் ஏறி வளைக்குள் ஓடியது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. சாப்பிடவும் இல்லை. சுழலி பக்கத்தில் போனபோது சுவரோடு ஒண்டிக்கொண்டது.

சுழலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இடுப்புப் பிடிப்பும் மூக்கடைப்பும் சோம்பேறியின் சாக்குகள் என்றுதான் அது நினைத்திருந்தது. இப்படி நடுங்கும் உடம்பை அது பார்த்ததே இல்லை.

எதிர்க்கரை மருதமரத்தடியில் ஓர் ஆமை இருந்தது. மனக்கஷ்டத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் அதன் வேலை. கீழாற்றுக்குப் போய்ப் பல வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தது. எல்லோரும் அதை ஆமையக்கா என்று கூப்பிட்டார்கள்.

"ஏங்க, ஆமையக்காகிட்ட ஒரு தடவை பேசித்தான் பாருங்களேன்," என்றது சுழலி.

மடுவன் வெடுக்கென்று எழுந்தது. "எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு நம்ம குட்டிங்களை எவன் கட்டுவான்?"

"நாளைக்கு நீங்களே இருக்க மாட்டீங்க! வெள்ளம் வரப்போகுது!"

மடுவன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவியது. பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னது. "சரி, நீ ஒண்ணு பண்ணு. எனக்குப் பதிலா நீ போய் உட்கார்ந்துட்டு வா. என் இருமலுக்கு நீதானே போய் மருந்து வாங்கிட்டு வந்தே? அது மாதிரிதான் இதுவும்."

சுழலிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தாலும் போயிற்று.

"அக்கா, என் வீட்டுக்காரருக்குப் பதிலா நான் வந்திருக்கேன். வைத்தியத்தை என்கிட்டயே சொல்லிடுங்க. நான் போய் அவருக்குச் சொல்லிடறேன்."

ஆமை சிரிக்கவில்லை. "அவருக்கு உள்ளதை அவர்தான்மா சொல்லணும். அது கிடக்கட்டும். நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்! நான் எங்கே மாட்டினேன் வலையில?"

"வலையைக் கடிச்சு அறுத்தது யாரு?"

அவ்வளவுதான். சுழலியின் வாய் திறந்தது. மூடவே இல்லை. அந்த நூலின் ருசி இன்னும் பல்லிலேயே இருக்கிறது என்றது. மீனைக் கடிக்கும்போதெல்லாம் அந்த ருசி வருகிறது என்றது. இன்னும் நான்கு கடி தாமதமாகியிருந்தால் புருஷன் செத்திருப்பார், அதை நினைக்காத நாள் இல்லை, இதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள் என்றது. சத்தம் போட்டது. அழுதது. குரங்கைத் திட்டியது. பாதிக் காலை போய்விட்டது.

ஆமை நடுநடுவே ஒரு கேள்வி கேட்டதோடு சரி.

"நான் இவ்வளவு கத்தினேன், நீங்க ஒரு யோசனைகூட சொல்லலையே! இது என்ன வைத்தியம்?" என்று சுழலி எரிந்து விழுந்தது.

"நாளைக்கும் வா," என்றது ஆமை.

சுழலி வீட்டுக்குப் போனது. அன்றைக்கு அது யாரையும் திட்டவில்லை. மடுவனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஏன் இன்னிக்கு என்னைத் திட்டலை? என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"உங்களைப் பத்தி என்ன இருக்கு சொல்ல? என்னைப் பத்திதான் பேசினேன்."

"என் வியாதிக்குப் போயிட்டு உன் கதையைப் பேசிட்டு வந்தியா?" மடுவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளும் சுழலி போனது. அதற்கடுத்த நாளும் போனது. மீன் ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நான்காம் நாள் மடுவன் மணலைக் கீறிக்கொண்டே கேட்டது. "அந்த ஆமை இங்கே வருமா? யாரும் பார்க்காத பக்கமா வரச் சொல்லு. என் இடுப்பை மட்டும் காட்டறேன்."

ஆமை நாணல் மறைவில் வந்து திட்டில் ஏறியது. மடுவன் இடுப்பைப் பற்றி வெகு நேரம் பேசியது. ஆமை மறுக்காமல் கேட்டது. கடைசியில் மடுவனின் குரல் இறங்கிப் போயிற்று. இரண்டும் தலையோடு தலை வைத்து என்னவோ பேசின. தூரத்தில் குட்டிகளோடு இருந்த சுழலிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னக்கா சொன்னாரு?" என்று ஆமையை மடக்கியது.

"அது அவர் பேச்சு. வேணும்னா அவரையே கேளு."

"பொண்டாட்டிகிட்டக்கூட சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னதை அவர்கிட்ட நான் சொன்னேனா?"



மறுநாள் ஆமை இருவரையும் உட்கார வைத்தது. "இதுக்கு வழி நிறைய இருக்கு. தனியாப் பேசலாம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பேசலாம். இதே மாதிரி அடிபட்டவங்களோட கூட்டமா உட்காரலாம். பயந்த இடத்துக்குப் படிப்படியாப் போய்ப் பழகலாம். சிலருக்கு மருந்தும் வேணும். அப்படின்னா மலைமேல இருக்கிற கரடி வைத்தியர்கிட்ட அனுப்புவேன். எது உங்களுக்கு ஒத்து வருதுன்னு பார்த்துச் செய்வோம்."

"ஒரே நாள்ல முடியற வைத்தியம் எது?" என்றது மடுவன்.

"அதைத்தானே குரங்கு சொல்லிச்சு? பார்த்தீங்களே!"

சுழலி தலையைக் குனிந்துகொண்டது.

முதலில் திட்டின் ஓரத்திலேயே கூட்டமாக உட்கார ஆரம்பித்தார்கள். தூண்டில் நூலில் இறக்கை சிக்கிப் பிழைத்த மீன்கொத்தி ஒன்று வந்தது. தூண்டில் முள்ளில் மாட்டி உதடு கிழிந்த கெண்டை ஒன்றும் ஓரத் தண்ணீரில் வந்து நின்றது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது ஆமையின் சட்டம். மடுவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இழுக்க இழுக்க இன்னும் அழுத்தமாத்தான் பிடிச்சுது," என்றது கெண்டை.

மடுவன் நிமிர்ந்து பார்த்தது. "எனக்கும் அப்படித்தான்! எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்!"

அதன் பிறகு அது கெண்டையைத் தின்னும் பார்வை பார்க்கவில்லை.

அடுத்தது படிப்படியாகப் பழகுவது. முதல் நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட வேண்டும். மடுவன் விட்டது. அடுத்த இரண்டு நாளும் அதே. பிறகு விரல் நுனி. ஒரு வாரம் விரல் நுனியிலேயே போனது. ஒரு நாள் முழங்கால் வரை போயிற்று. அப்போது பாசி ஒன்று காலில் பட்டது. மடுவன் துள்ளி எழுந்து வளைக்குள் பாய்ந்தது. மறுபடி விரல் நுனி!

சுழலிக்குப் பொறுக்கவில்லை. மலைமேல் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் எத்தனை நாள் நகத்தையே நனைச்சுக்கிட்டு இருப்பாரு? வெள்ளம் வந்து இவருக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

"முந்தி வளைக்குள்ள போனா ரெண்டு நாள். இன்னிக்கு எத்தனை நேரம் இருந்தாரு?" என்று ஆமை கேட்டது.

சுழலி யோசித்தது. ஒரு மீன் தின்னும் நேரம்கூட இல்லை.

ஆறு வாரத்தில் மடுவன் மார்பளவுத் தண்ணீரில் நின்றது. நீந்தவில்லை. நிற்க மட்டும் நின்றது.

அப்போது வெள்ளம் வந்துவிட்டது.

விடிந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. திட்டின் பாதியைக் காணோம். சுழலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்க் கரையில் ஆமையின் பக்கத்தில் விட்டது. திரும்பி வந்தபோது தண்ணீர் வளையின் வாசலுக்கு வந்திருந்தது. மடுவன் இன்னொரு குட்டியை வைத்துக்கொண்டு மிச்சமிருந்த மேட்டில் நின்றது.

சுழலி மனதுக்குள் இடுப்புப் பிடிப்புக்காகக் காத்திருந்தது.

"சுழலி, எனக்குப் பயமா இருக்கு," என்றது மடுவன்.

மூன்று மாதச் சாக்கிலும் ஆறு வார வைத்தியத்திலும் மனைவியிடம் அது சொல்லாத வார்த்தை இது. சுழலிக்குத் திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. என் பக்கத்துலயே வாங்க."

சுழலி குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. மடுவன் மூச்சை மெதுவாக இழுத்தது. மெதுவாக விட்டது. இறங்கியது.

பாதி ஆற்றில் அடித்து வந்த கொடி ஒன்று மடுவனின் பின்காலைச் சுற்றியது. சுழலியால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் குட்டி போய்விடும். பார்த்துக்கொண்டே பக்கத்தில் மிதக்கத்தான் முடிந்தது. மடுவன் கண்ணை மூடியது. உதறவில்லை, இழுக்கவில்லை. மூச்சு விட்டது. பிறகு வளைந்து, கொடியைத் தன் பல்லாலேயே கடித்து அறுத்தது.

கரையேறியபோது எல்லா மிருகங்களும் அங்கே கூடியிருந்தன. திட்டு கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிவிட்டது.

"பார்த்தீங்களா! அன்னிக்கு நான் தள்ளச் சொன்னதாலதான்!" என்று குரங்கு கூத்தாடியது. சுழலி பல்லைக் காட்டியதும் இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டது.

மடுவன் நாலு பேர் முன்னால் உடம்பை உதறிக்கொண்டு சொன்னது. "ஆமையக்காகிட்ட ஆறு வாரமாப் பேசறேன். இன்னும் பேசுவேன். அதனாலதான் உயிரோட நிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கொக்கு மட்டும் மெல்ல நகர்ந்து சுழலியின் பக்கம் வந்தது. ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்தது.

"அந்த ஆமையக்கா காலையில எத்தனை மணிக்கு இருப்பாங்க? எனக்கு இல்லை! எனக்கு ஒரு சினேகிதர் இருக்காரு, அவருக்குப் பதிலா நான் போய்க் கேட்டுட்டு வரலாமேன்னு..."

"ஐயோ!" என்று சுழலி தலையில் கை வைத்தது. "அந்தச் சினேகிதரையே வரச் சொல்லு!"

மனதில் பட்ட காயத்துக்கும் வைத்தியம் உண்டு, ஆனால் காயம் பட்டவரே வாய் திறந்து சொன்னால்தான் அது பலிக்கும்.