பூவெங்காய இலையை அறுத்த முயல்

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில் தும்பை என்று ஒரு பெண்முயல் இருந்தாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வாசலில் ஒரு சருகு விழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தச் சருகை யாராவது பார்த்துவிட்டால் தூக்கமே வராது.

தும்பையின் வளைக்கு இரண்டு வாசல். போன ஈற்றில் சாரைப்பாம்பு முன்வாசல் வழியாக நுழைந்து, கண் திறக்காத குட்டிகளை ஒன்று விடாமல் விழுங்கிவிட்டது. இப்போது தும்பை மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. வேறு வளைக்குப் போகலாமே என்று குறுக்கே கேட்காதீர்கள். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போய்த் தோண்டுவாள்?

பக்கத்து வளையில் முள்ளன் என்ற முள்ளம்பன்றி இருந்தான். கிழங்கு தின்றே உடம்பை வளர்த்தவன். உடம்பு மட்டுமல்ல, வாயும் முள்தான். ஒருநாள் அவன் ஒரு பிடி கிழங்கைக் கொண்டுவந்து தும்பையின் முன்னால் போட்டான்.

“பூவெங்காயம். பந்து பந்தா ஊதாப் பூ பூக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளே இருக்கிறவரைக்கும் அந்த நெடிக்குப் பாம்பு கிட்டே வராது.”

“இது முன்வாசலுக்குத்தானே அண்ணே காணும்? கொல்லைக்கு?”

“மிச்சத்தைத் தின்னுட்டேன். முறைக்காதே, சொல்றதைக் கேளு. பூ முடிஞ்சதும் இலை பழுத்துத் தரையிலே சாயும். பார்க்கச் சகிக்காது. கை வெச்சிடாதே! அந்த இலைதான் கீழே இருக்கிற தாய்க்கிழங்குக்குச் சோறு போடுது. தாய் வயிறு நிறைஞ்சாத்தான் பக்கத்திலே குட்டிக்கிழங்கு கட்டும். இலை தானாக் காய்ஞ்சு சுருண்டப்புறம் தோண்டு. குட்டிகளைப் பிரிச்சுக் கொல்லையிலே நடு. மழைக்கு முளைச்சிடும்.”

“சரிண்ணே.”

“உடனே சரின்னு சொல்றவங்கதான் முதல்லே அறுப்பாங்க” என்று முனகிக்கொண்டே முள்ளன் போனான்.

தும்பை நட்டாள். பூத்தது. காடே வந்து வேடிக்கை பார்த்தது. அவளுடைய காதுகள் பெருமையில் விறைத்து நின்றன. பிறகு பூ உதிர்ந்தது. இலைகள் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக, பிழியாத பழந்துணி மாதிரி வாசலில் துவண்டு கிடந்தன.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு வளைகாப்பு வந்தது. அருகம்புல்லை வளையலாகத் திரித்து முன்னங்காலில் மாட்டி, ஊர்கூடி வாழ்த்துவது அந்தக் காட்டின் வழக்கம். முதல்நாளே கனகம் என்ற மைனா வந்து இறங்கினாள். அடுத்தவர் வாசலில் குறை பார்ப்பதுதான் அவளுக்கு வேலை.

“ஏன்டி தும்பை, என்ன கண்றாவி இது? யாரோ வாந்தி எடுத்து வெச்ச மாதிரி?”

“பூவெங்காய இலைக்கா. தானாக் காயணுமாம். வெட்டக் கூடாதாம்.”

“யாரு சொன்னா? அந்தத் தின்னிப் பண்டாரமா? அவன் வளைக்குள்ளே மூக்கைப் பிடிக்காம நுழைய முடியுமா? அவன் உனக்குப் புத்தி சொல்றான்! நாளைக்கு மான் வீட்டுச் சம்பந்தியெல்லாம் வர்றாங்க. நல்லது நடக்கிற வாசல்லே செத்த இலையா? மனசிலே பட்டதைச் சொன்னேன். அப்புறம் உன் இஷ்டம்.”

‘உன் இஷ்டம்’ என்று யாராவது சொல்லிவிட்டால் தும்பைக்கு அதற்குமேல் சொந்த இஷ்டம் ஏது?

அவள் இலையருகே போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். வயிற்றுக்குள் ஒரு குட்டி உதைத்தது. ‘பூ முடிஞ்சாச்சு. கிழங்கு மண்ணுக்குள்ளே பத்திரமாத்தானே இருக்கு? நாலு இலை போனா என்ன?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லா இலைகளையும் தரையோடு தரையாகக் கடித்து அறுத்தாள். அறுத்த இடத்தில் ஈரம் கசிந்தது. கண் எரிந்தது. வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டாள்.

“வாசல்னா இதுவல்லவா வாசல்!” என்றார்கள் வந்தவர்கள். கடைசியாக வந்த முள்ளன் மண்ணைப் பார்த்தான்.

“அறுத்துட்டியா?”

“விசேஷம்னு... சாப்பிட்டுப் போங்கண்ணே.”

“பசிக்கலை.”

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

சில நாள் கழித்துத் தும்பை மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது கிழங்குகள் சூம்பிப்போய்க் கிடந்தன. பக்கத்தில் குட்டிக்கிழங்கு ஒன்றுகூட இல்லை. மனசு கேட்காமல் பாதியைப் பிடுங்கிக் கொல்லையில் நட்டாள். மழை வந்தது. முன்வாசலிலும் முளைக்கவில்லை, கொல்லையிலும் முளைக்கவில்லை. சத்தில்லாத கிழங்குகள் ஈரத்தில் அழுகிக் கூழாயின. நெடியும் போயிற்று.

“அண்ணே, ஒரே ஒரு கிழங்கு கிடைக்காதா?” என்று முள்ளனிடம் ஓடினாள்.

“சரிவு முழுக்கத் தோண்டிட்டேன் தாயி. எல்லாம் எப்பவோ என் வயித்துக்குள்ளே போயிடுச்சு” என்று அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

குட்டிகள் பிறந்தன. தும்பை அன்னம் தண்ணியில்லாமல் வாசலிலேயே காவல் கிடந்தாள். ஆனால் புல் மேய்ந்தால்தானே பால் ஊறும்? குட்டிகள் பசியில் கத்தின. வேறு வழியில்லாமல் ஓடைக்கரை வரை போனாள். அள்ளி அள்ளித் தின்றுவிட்டு ஓடிவந்தாள்.

முன்வாசல் ஈரமண்ணில் பாம்பு புகுந்த தடமும் வெளியேறிய தடமும் இருந்தன. உள்ளே சத்தமே இல்லை.

துக்கம் கேட்க ஊர் வந்தது. கனகம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“வாசலை இப்படியா மொட்டையாப் போட்டு வைப்பா? குட்டி போட்டவளுக்கு நாலு பூவெங்காயம் வளர்க்கக்கூடவா துப்பில்லை?”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. குடிக்க ஆளில்லாத பால் தும்பையின் மடியில் கட்டிக்கொண்டு வலித்தது.

நீதி: ஊர் மெச்ச அறுத்ததை ஊர் ஒட்டித் தராது.