தேர்த் தெருவில் போட்ட வட்டம்

எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைநாடு என்றொரு நாட்டை முத்துமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தான் விழித்த பிறகுதான் சேவல் கூவ வேண்டும் என்று ஒருமுறை சட்டம் போட்டவர் அவர்.

அவருடைய ஊரில் அவல் இடித்து விற்ற வெள்ளைத்தாயி தேர்த் திருநாள் அன்று விடியும்போதே எழுந்துவிட்டாள். ராஜாவிடம் சொல்ல வேண்டியதை உலக்கை போட்டபடியே சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்தது. "தப்பாகச் சொல்லிவிடுவேன். கட்டாயம் தப்பாகத்தான் சொல்லுவேன்" என்று முனகினாள்.

போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. நெல் வாங்குவதற்காகக் கருவூல அதிகாரி ஆலாலராயரிடம் பத்துப் பணம் கடன் வாங்கியிருந்தாள். கட்டிக்கொண்டே இருந்தாள், கடன் வளர்ந்துகொண்டே இருந்தது. சபைக்குப் போய், "மகாராஜா, நான் கடன் வாங்கினேன்" என்று ஆரம்பித்தாள். "வாங்கினால் கொடு. அடுத்த வழக்கு" என்று முடித்துவிட்டார் ராஜா. ராயர் மீசைக்குள் சிரித்தார்.

இப்போது ராயர் கெடு வைத்துவிட்டார். தேர் நிலைக்கு வந்ததும் உரலும் உலக்கையும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவளும் போய் ஆயுசுக்கும் அங்கேயே இடித்துக் கொட்ட வேண்டும்.

'இனி நான் சபைக்குப் போகப்போவதில்லை. ராஜாவே வந்து என்னைக் கேட்கட்டும்' என்று வெள்ளைத்தாயி தீர்மானித்தாள்.

அந்த நாட்டில் ராஜா ஆணையாகவே ஒரு வழக்கம் உண்டு. வெளி இடத்தில் கடன்காரரைக் கண்டால், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் போடலாம். கடன் தீரும்வரை உள்ளே நிற்பவர் வெளியே வரக்கூடாது. வேறு யாரும் இழுக்கவும் கூடாது. மீறினால் தலை போகும். போட்டவர் கையால்தான் வட்டத்தை அழிக்கலாம். அழித்துவிட்டால் கடன் தீர்ந்தது.

அன்று காலை தேர்த் தெருவின் நட்டநடுவில் போய் நின்றாள் வெள்ளைத்தாயி. பட்டும் சரிகையுமாக வந்த ராயரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வடம் பிடிக்கப் போகிறீர்களா ராயர் ஐயா? என்னைப் பார்க்காத மாதிரி போய்விடுங்கள். அவல்காரியிடம் காசு வாங்கத் தெரியாதவர் ராஜா காசை எப்படிக் காப்பார் என்று நாலு பேர் கேட்பார்கள்."

அந்த நாலு பேரும் பக்கத்திலேயே நின்று சிரித்தார்கள்.

"யாருக்கடி வாங்கத் தெரியாது?" ராயர் கைத்தடியால் மண்ணைக் கீறி, அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "ராஜா ஆணை. கடனைக் கட்டிவிட்டு வெளியே வா."

"ஆணைக்குக் கட்டுப்பட்டவள் நான்" என்று அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மேளம் முழங்கியது. ராஜாவே முன்வடம் பிடித்து இழுக்க, தேர் ஆடி அசைந்து வந்தது. வட்டத்தின் ஓரம் வந்ததும் ராஜா கையைத் தூக்கினார். தேர் நின்றது.

"ஏ பெண்ணே, தேர் வருவது தெரியவில்லையா? எழுந்து போ."

இடித்துக்கொண்டே பழகிய பேச்சு ஒன்றும் வெள்ளைத்தாயிக்கு நினைவுக்கு வரவில்லை. மண்ணில் இருந்த கோட்டைக் காட்டினாள்.

"எழுந்தால் தலை போகும் மகாராஜா. உங்கள் ஆணை."

"அப்படியானால் ஆணையை இப்போதே ரத்து செய்கிறேன்."

"செய்யுங்கள். அரண்மனை முற்றத்தில் கப்பம் கட்டாத பக்கத்து ஊர் ராஜாவை வட்டம் போட்டு நிறுத்தியிருக்கிறீர்களாமே. அவரும் வீட்டுக்குப் போய்விடுவார்."

ராஜா இருமினார். "நல்ல நேரம் போகிறது. ராயரே, எவ்வளவு கடன்?"

"நானூறு பணம் மகாராஜா."

ராஜா இடுப்பிலிருந்த பண முடிப்பை அவிழ்த்தார். "நானே கட்டிவிடுகிறேன்."

"வேண்டாம்" என்றாள் வெள்ளைத்தாயி. "ராயர் கடனுக்கே இந்த வட்டம். உங்களுக்குக் கடன்பட்டால் ஊரையே வளைத்துப் போடுவீர்கள். நான் வாங்கியது பத்துப் பணம். திருப்பிக் கொடுத்தது அறுபதுக்கு மேல். இல்லையென்று ராயரையே சொல்லச் சொல்லுங்கள்."

"கொடுத்தாள்தான்" என்று ராயர் இழுத்தார். "ஆனால் அதெல்லாம் வட்டி. வட்டிக்கு வட்டி. அப்புறம் வாசல் வட்டி."

"அது என்னய்யா வாசல் வட்டி?"

"தவணை கட்ட வந்து வந்து என் வாசற்படியைத் தேய்த்துவிட்டாள் மகாராஜா."

"தவணை கட்ட வரச்சொன்னது யார்?"

"நான்தான்."

தேரின் மேலே இருந்த குருக்கள் முதலில் சிரித்தார். பிறகு வடம் பிடித்தவர்கள் எல்லோரும் சிரிக்க, தேர் மணிகள் குலுங்கின.

"ராயரே, வட்டத்தை அழியும்" என்றார் ராஜா.

"அழித்தால் கடன் போய்விடுமே மகாராஜா."

"அழிக்காவிட்டால் தேரை நிறுத்தியவர் நீர். ஊர் உம்மை என்ன செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன்."

ராயர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார்.

"போதும், எழுந்திரு" என்றார் ராஜா.

"என் முதுகுப் பக்கம் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது" என்றாள் அவள்.

ராயர் தவழ்ந்து போய் அந்த ஒரு சாணையும் அழித்தார். அப்புறம்தான் வெள்ளைத்தாயி எழுந்து ஓரமாக நின்றாள். "இனி வாசல் வட்டி வாங்குகிறவர் என் கருவூல வாசலை மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ராஜா வடத்தை எடுத்தார்.

"இந்தா, உன் தைரியத்துக்கு" என்று பண முடிப்பை அவளிடம் நீட்டினார்.

அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "இது இனாமா, கைமாற்றா?"

"இனாம்தான்."

"எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது மகாராஜா. உங்கள் மனசு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று."

ராஜா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு தண்டோராக்காரனைக் கூப்பிட்டு, தேர் போகும் நாலு தெருவிலும் பறை அறைந்து சொல்லச் சொன்னார். தேர் நகர்ந்தது. ராஜா ஒரு கையால் வடத்தை இழுத்தார். மறு கையால் முடிப்பை நீட்டியபடியே வந்தார். வெள்ளைத்தாயி கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். 'அவல்காரிக்குக் கொடுத்தது இனாம், யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது' என்று நாலாவது தெருவிலும் பறை முழங்கி ஓய்ந்ததைக் காதால் கேட்ட பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.