பேசாத நாற்காலி

தாட்சாயணி பேச்சாலேயே வளர்ந்தவர். ஊராட்சி உறுப்பினராகத் தொடங்கி, ஒன்றியத் தலைவராகி, சட்டமன்றத்துக்குப் போய், பாசனத்துறை அமைச்சரும் ஆனார். அவர் பேச எழுந்தால் எதிர்க்கட்சிக்காரர்கள்கூட டீ குடிக்க வெளியே போக மாட்டார்கள்.

மறுபடியும் அவருடைய கட்சியே ஜெயித்தது. முதல்வர் அவரை அழைத்து, இந்த முறை சபாநாயகராக இருக்க வேண்டும் என்றார். மாலைக்குள் பதில் கேட்டார்.

தாட்சாயணி நேரே குன்றின் அடியிலிருந்த ஆசிரமத்துக்குக் காரை விடச் சொன்னார். அங்கிருந்த சாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் முதல் தேர்தலில் தோற்றுப்போய் அங்கே வந்து அழுத நாளிலிருந்து, தாட்சாயணிக்கு அவர்தான் குரு.

தன்னை ஓரங்கட்டப் பார்க்கிறார்கள் என்று தாட்சாயணி குமுறித் தீர்த்தார். சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெயர்தான் பெரிசு, சாமி. ஊரே பேசும், நான் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா?"

சாமி பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர் அண்ணன் தம்பி, செங்கோடனும் காளியண்ணனும் வந்திருந்தார்கள். பொதுக் கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்று அவர்களுக்குள் ரொம்ப நாளாகத் தகராறு. யார் சொல்லியும் தீரவில்லை.

"இன்றைக்கு இந்த அம்மா கேட்பார்" என்றார் சாமி. பிறகு தாட்சாயணியிடம் குரலைத் தாழ்த்தி, "ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு மட்டும் சொல்ல வேண்டாம்" என்றார்.

செங்கோடன் பாதி சொல்லும்போதே தாட்சாயணிக்கு வழி தெரிந்துவிட்டது. எத்தனையோ வாய்க்கால் சண்டைகளைத் தீர்த்தவர். மின்சாரம் வரும் நேரத்தை இப்படிப் பிரித்தால் போதும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். காளியண்ணன் இடையில் பாய்ந்தபோது, "அண்ணன் முடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தம்பியின் முறை வந்தது. மோட்டார், ஸ்டார்ட்டர், கருகிப்போன மஞ்சள் பயிர் என்று கொட்டித் தீர்த்தார். அண்ணன் இரண்டு தடவை எழுந்தார். தாட்சாயணி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. காளியண்ணனுக்கு அது புதிது. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"எம்மக காதுகுத்துக்கு இவரு வரலீங்க" என்றார். "பந்தல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட வேண்டியவரு. வந்தவங்க எல்லாம் அண்ணன் எங்கேன்னு கேட்டாங்க."

தாட்சாயணி செங்கோடனைப் பார்த்தார்.

"பத்திரிகையை யார் கையிலயோ குடுத்து விட்டான்" என்றார் செங்கோடன். "நேர்ல வருவான்னு அன்னைக்குப் பூரா வேட்டி மாத்தி உட்கார்ந்திருந்தேன்."

காளியண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அலைச்சலில் அப்படி ஆகிவிட்டது, தப்புதான் என்றார். அண்ணன் பதிலுக்கு, பிள்ளைக்கு வாங்கிய தோடு இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது என்றார்.

அவர்கள் கிளம்பும்போது தாட்சாயணிக்கு மனம் கேட்கவில்லை. மோட்டார் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அதை வீட்ல போய் பேசிக்கிறோமுங்க" என்றார் காளியண்ணன். இருவரும் சேர்ந்தே படி இறங்கினார்கள்.

தாட்சாயணி சாமியிடம் திரும்பினார். "நல்ல தீர்ப்பு ஒன்று வைத்திருந்தேன், சாமி. கடைசிவரை சொல்லவே இல்லை."

"நல்ல தீர்ப்பாகத்தான் இருக்கும்" என்றார் சாமி. "ஆனால் தண்ணீருக்காக இங்கே யாரும் வரவில்லையே, அம்மா."

தாட்சாயணிக்கே சிரிப்பு வந்தது. போனை எடுத்து முதல்வரின் செயலாளரைக் கூப்பிட்டு, சம்மதம் என்றார்.

அவர் மறுப்பார் என்றே எண்ணியிருந்த செயலாளர், சொன்னதைச் சரியாகக் காதில் வாங்காமல் அந்தப் பதவியின் பெருமைகளை நீளமாக விளக்கத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை தாட்சாயணி குறுக்கே பேசவில்லை.