துண்டுக்குள் நின்ற காளை

மாட்டுச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ராஜரத்தினம் சிரித்துப் பேசினாலே ஆட்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே இங்க ரூபாய் செல்லாது. செல்போன்ல ஏறுற என் டிஜிட்டல் காசுலதான் வியாபாரம். அடுத்த சந்தைக்குள்ள அது ரெண்டு மடங்காயிரும். இஷ்டமில்லாதவன் மாட்டை ஓட்டிட்டுப் போலாம்."

தரகர் செங்கோடன் மட்டும் முன்னால் வந்தார்.

"அந்தக் காசுல எனக்குக் கொஞ்சம் குடுங்க. பதிலுக்கு ஒரு சோடிக் காளை தர்றேனுங்க."

அந்தச் சந்தையில் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். செங்கோடன் துண்டை விரித்தார். ராஜரத்தினம் உள்ளே கையை விட்டார்.

"புடிச்சுக்குங்க, காளை உள்ளதான் நிக்குது. கண்ணுக்குத் தெரியாது. அடுத்த சந்தைக்குள்ள நாலாயிருமுங்க."

ராஜரத்தினம் கையை உதறினார். மைக் கையிலிருப்பதை மறந்து கத்தினார்.

"கண்ணுல காட்டாத மாட்டுக்கு எவன்டா காசு குடுப்பான்?"

சந்தை முழுக்கக் கேட்டது.

செங்கோடன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாங்க துண்டுக்குள்ள விலையைத்தானுங்க மறைப்போம். மாட்டையே மறைக்கலாம்னு இன்னைக்கு உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."